எடைப்பந்துப் பயிற்சியில் கை போனது: பார்த்ததை எழுதுங்கள்

#1
பேஸ்பாலில் வேகமாக எறியப் பழகுவதற்காக, மேட்ச் பந்தைவிடக் கனம் கூடிய, குறைந்த பந்துகளை எறியும் எடைப்பந்துப் பயிற்சி. அதன் ஆறாவது வாரம், பையனுக்கு வயது 15. மண்டியிட்டபடி 32 அவுன்ஸ் பந்தை எறிகிறான். அதாவது 900 கிராமுக்கு மேல். மேட்ச் பந்து 142 கிராம்தான். ஒவ்வொரு எறிக்கும் நடுவில் இடது கட்டைவிரலால் வலது முழங்கையின் உட்பக்க எலும்பைத் தேய்த்துக்கொள்கிறான். வலிக்குதா என்று கேட்டால், "இல்ல, டைட்டா இருக்கு". பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன் ஏறுமுகமாகக் காட்டியதால் யாரும் நிறுத்தவில்லை. எம்ஆர்ஐ எடுத்தபோது முழங்கையின் உட்பக்கம் எலும்புகளைப் பிணைக்கும் யூசிஎல் லிகமென்ட் பாதி கிழிந்திருந்தது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும்.

#2
இயன்முறை மருத்துவர் மைக் ரைனால்ட் குழுவின் 2018 ஆய்வும் ஏறக்குறைய இதே கதைதான். 13 முதல் 18 வயது பிட்ச்சர்கள் (மட்டையாளருக்குப் பந்தெறிபவர்கள்), 6 வாரம், 2 முதல் 32 அவுன்ஸ் வரை பந்துகள். வேகம் 3.3% கூடியது. அந்தப் பயிற்சியிலும் அடுத்து வந்த சீசனிலுமாக 24% பேருக்குக் காயம். எடைப்பந்து தொடாத குழுவில் ஒருவருக்கும் இல்லை.

எனக்கு உறுத்துவது இன்னொரு எண். மல்லாக்கப் படுக்கவைத்து, முன்கை பின்னால் எவ்வளவு சாய்கிறது என்று கோணமானியில் அளந்தார்கள். ஆறே வாரத்தில் 4 டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. கை அதிகம் சாய்ந்தால் பந்து ஓடும் பாதை நீளும், வேகம் வரும். முழங்கையின் உட்பக்கம் விரிந்து இழுபடுவதும் அதே கணத்தில்தான். அங்கே விழும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன்-மீட்டர். சடலத்திலிருந்து எடுத்துச் சோதித்த லிகமென்ட் சுமார் 32-லேயே அறுந்தது. மீதியைத் தாங்குவது முன்கைத் தசைகள். அவை களைத்துவிட்டால்?

#3
பந்து மேலேயே பழி போடாதீங்க. 4 முதல் 7 அவுன்ஸ் வரை ஆய்வகத்தில் பிட்ச் பண்ண வச்சுப் பார்த்தாச்சு. பந்து கனக்கக் கனக்கக் கை வேகம் குறையுது, முழங்கை முறுக்கு ஏறல. 32 அவுன்ஸ் சங்கதி வேற.

ஒரு பிட்ச்சரோட நோட்டுப் புத்தகம் இன்னும் ஞாபகம் இருக்கு. சனிக்கிழமை மேட்ச், 78 பிட்ச். அமெரிக்க பேஸ்பால் அமைப்புகளோட பிட்ச் ஸ்மார்ட் விதிப்படி 15-16 வயசுக்கு 75 தாண்டினா நாலு நாள் ஓய்வு. நோட்டுல "ஓய்வு"ன்னுதான் எழுதியிருக்கு. ஆனா திங்கக்கிழமை ஓடிவந்து முழு வேகத்துல 20 எறி, அதான் புல்டவுன்! பயிற்சி எறி எந்தக் கணக்குலயும் வராதாம். கை களைச்ச பிறகும் வழக்கமா பிட்ச் பண்றவங்களுக்கு ஆபத்து 36 மடங்குன்னு 2006 ஆய்வு சொல்லுது. அதைப் பத்திப் பேசுங்க.

#4
நான் பார்த்தது சின்ன விஷயம். புல்டவுன் முடிந்த மறுநாள் காலை, பையனால் வலது முழங்கையை முழுசாக நீட்ட முடியவில்லை. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) மூடாத பையனுக்கு எடைப்பந்தே வேண்டாம். உட்பக்க எலும்பில் லிகமென்ட்டை விடத் தட்டுதான் முதலில் விலகும். மூடியவனுக்கும் முதலில் சாதாரணப் பந்தில் 6 முதல் 8 வாரம் படிப்படியாக எறிந்து கையைப் பழக்க வேண்டும். பிறகு 4, 6 அவுன்ஸ் மட்டும், வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. ஒரு கிலோ, இரண்டு கிலோ மென்பந்துகள் சுவரில் மெதுவாக எறியத்தான். அவற்றை வைத்துக்கொண்டு ஓடிவந்து எறிவது பைத்தியக்காரத்தனம். முதல் மூன்று வாரம் ரேடார் கன் பையிலேயே இருக்கட்டும், எண் தெரிந்தால் எவனும் 80 சதவீதத்தில் எறிய மாட்டான். பயிற்சி எறிகளையும் எண்ணி எழுதுங்கள். தினமும் காலையில் கண்ணாடி முன் இரண்டு கையையும் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மடங்கி நின்றால் அன்று பந்தைத் தொடக்கூடாது. முழங்கையின் பின்முனையில் வலி வந்தால் எலும்பில் அழுத்த விரிசலாக இருக்கலாம், ஐஸ் வைத்து ஓட்டாதீர்கள்.

#3
அந்த 6-8 வாரத்தை எவன் பொறுமையா செய்றான்? நான் சொல்றதும் அதேதான்.

#5
#4-இல் ஒன்று விட்டுப்போயிற்று: விரல் மரத்துப்போவது. எறியக் கை தூக்கியவனிடமிருந்து பந்து நழுவிக் காலடியில் விழுந்தது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் உதறிக்கொண்டு நின்றான். அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு ஓடுவது முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால்தான். மூட்டு விரியும்போதெல்லாம் அதுவும் இழுபடும். கோச், பந்து வழுக்காமலிருக்கக் கையில் தடவும் ரோசின் பொடிப் பையை நீட்டி, "பிடி சரியில்ல" என்றார்.