துணிக்கடைக்கு மென்பொருள் செய்ய நம்பிக்கையான நிறுவனம் தெரியுமா?

வணக்கம். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் எங்களுக்குத் துணிக்கடை இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஸ்டாக், பில்லிங், டேலி என்கிற கணக்கு மென்பொருளுக்குத் தானாகக் கணக்கு போவது, இவ்வளவும் சேர்ந்த மென்பொருள் வேண்டும். சொந்தமாக ஆள் வைக்க முடியாது, வெளியேதான் கொடுக்க வேண்டும்.

முன்பு ஒருவரிடம் கொடுத்து மிகவும் கஷ்டப்பட்டோம். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறி, 2,500 ரூபாய் வரையுள்ள உடுப்புக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்று ஆனது அல்லவா? அதைப் பில்லில் மாற்ற அவருக்கு மூன்று வாரம் ஆனது. சோர்ஸ் கோடு, அதாவது மென்பொருளின் மூல நிரல், எங்கள் கையில் இல்லாததால் வேறு ஆளிடமும் போக முடியவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் கையால் பில் எழுதியதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இப்போது நாகர்கோவிலில் ஒரு நிறுவனமும் திருவனந்தபுரத்தில் ஒன்றும் பார்த்திருக்கிறோம். முதலாவது மொத்தமாக ஒரு தொகை சொல்கிறது, மற்றது மாதக் கணக்கு. வேலை முடிய முடியப் பணம் கொடுப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அப்புறம், சோர்ஸ் கோடு நமக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எப்படி எழுதி வாங்குவது? நெட் போனாலும் பில் போட முடிகிற மாதிரி யாராவது செய்து வாங்கியிருக்கிறீர்களா? கடை நடத்தும் அண்ணன்மார், அக்காமார் அனுபவத்தைச் சொல்லுங்கள். வரும் திங்கள்கிழமை பேசப் போகிறோம்.