கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம்: வேலையிடத்து அனுபவங்கள்

கொள்முதல் பிரிவில் இருப்பவர்

வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் நன்றாகப் பேசத் தெரிய வேண்டும் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில், பிரமாதமாகப் பேசுகிறவர்கள் இருக்கிற இடத்திலும் வேலை தப்பாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கேட்டவர் மனதில் என்ன பதிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் பிரிவில் எனக்கு மேலே இருந்த ஒரு மேடம்.

மேலாளர் ஒரு நாள் எங்கள் மேசைப் பக்கம் வந்தார். "சப்ளையர் லிஸ்ட்டை வெள்ளிக்கிழமைக்குள்ள அப்டேட் பண்ணிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டி அனுப்பியிருப்பார்கள். மேடம் எழுந்து நின்று, "சார், ஒரு நிமிஷம். நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க மெயிலுக்கு லிஸ்ட் வந்துடும். புதுசா வந்த சப்ளையர்களைச் சேர்க்கிறோம், பழைய பேர் எதையும் எடுக்கல. சரிதானே சார்?" என்றார்.

மேலாளர் திரும்பி வந்தார். "இல்லம்மா, வெள்ளிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு ஆடிட்காரங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி வேணும். சேர்க்கிறதை அப்புறம் பாத்துக்கலாம், ரெண்டு வருஷமா ஆர்டரே போடாதவங்க பேரை எடுக்கிறதுதான் இப்ப முக்கியம்."

நேரம் வேறு, செய்ய வேண்டிய வேலையே வேறு. அரை நிமிடப் பேச்சில் இரண்டும் வெளியே வந்துவிட்டன. மேலாளர் எதையும் மறைக்கவில்லை. ஆடிட் அவர் மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றே நினைத்திருக்கிறார்.

இது மனித சுபாவம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990-ல் தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், இன்னொருவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் காதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் டொக் டொக்தான். வேலை சொல்கிறவரும் கேட்கிறவரும் இருக்கிற நிலைமை இதேதான்.

மேடத்திடம் கவனித்த இன்னொன்று: சொன்ன வார்த்தையையே அவர் திருப்பிச் சொல்ல மாட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அப்டேட் பண்ணணும், சரி சார்" என்று அப்படியே ஒப்பித்திருந்தால் எதுவும் வெளியே வந்திருக்காது. தான் என்ன செய்யப் போகிறேன், எப்போது, எந்த வடிவில், எதைத் தொட மாட்டேன் என்று தன் வார்த்தையில் சொல்வார். "எதைத் தொட மாட்டேன்" என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் மாட்டும்.

அவரே வேலை கொடுக்கும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்கு யாராக இருந்தாலும் "புரிஞ்சுது மேடம்" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "இதை எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறீங்க?" என்பார். பதில் சொல்ல ஆரம்பித்தாலே எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கேட்கப்பட்டவருக்கும் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்காது. எனக்கு இந்த மரியாதைதான் ரொம்பப் பிடித்தது.

செவிலியர், அறுவை சிகிச்சை வார்டு

எங்கள் தொழிலில் இது விருப்பப்பட்டால் செய்கிற பழக்கம் இல்லை, கட்டாயம். டாக்டர் போனில் மருந்து சொன்னால் முதலில் எழுத வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் மருந்தை எடுக்க வேண்டும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒரே மாதிரி கேட்கும். அதனால் "ஒன் ஃபைவ், பதினஞ்சு மில்லிகிராம், சரிங்களா டாக்டர்?" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குவார்கள். சில டாக்டர்கள் அவசரத்தில் "அதான் சொன்னேனே" என்பார்கள். பரவாயில்லை, அந்த "ஆமாம்" வரும் வரை போனை வைக்கக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பயிற்சி கொடுத்த சீனியர் சிஸ்டர் இரவில் டாக்டரைக் கூப்பிடுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். "டாக்டர், சர்ஜரி வார்டு சிஸ்டர் பேசுறேன். பதினெட்டாம் பெட் பேஷன்ட்டுக்கு பிபி 90/56-க்கு இறங்கிடுச்சு, பல்ஸ் 124. நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர், ஒரு மணி நேரம் முன்னாடி பிபி 120/78 இருந்தது. உள்ள ரத்தக் கசிவு இருக்குமோன்னு தோணுது. நீங்க இப்பவே வந்து பாக்கணும்." அவ்வளவுதான். தூக்கத்திலிருந்து எழுந்தவர் மறு கேள்வி கேட்காமல் வந்தார்.

நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, நமக்கு என்ன வேண்டும். இந்த வரிசைக்கு, நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, எஸ்பார் (SBAR) என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை. ஆபீஸ் வேலையில் இருப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும். பாதிப் பேர் பின்னணியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள், என்ன வேண்டும் என்பது கடைசி வரை வருவதே இல்லை. "எனக்கு இப்படித் தோணுது, நீங்க இதைச் செய்யணும்" என்று வாய்விட்டுச் சொல்வதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை அந்த இரண்டு வரியை மட்டும் போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பயிற்சியாளர்

இதைப் பழக்கமாக்க எவ்வளவு நாள் ஆகும் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். 21 நாள் என்று சொல்வதை நம்ப வேண்டாம். லண்டனின் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லல்லி குழுவினர் செய்து 2010-ல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது, அதிலும் ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்றும் அதில் தெரிந்தது. ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். போனை வைக்கும் முன், மீட்டிங்கிலிருந்து எழும் முன் என்று.

மென்பொருள் குழுவில் இருப்பவர்

மேலே சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது. சொன்னதை எதிரில் இருப்பவர் காதில் வாங்கவும் வேண்டும்.

1977 மார்ச் 27-ல் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே கேஎல்எம், பான் அம் என்ற இரண்டு நிறுவனங்களின் ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் துணை விமானி தனக்கு வந்த உத்தரவைத் திருப்பிச் சொன்னார். கூடவே "இப்போது புறப்படுகிறோம்" என்பது போலவும், "புறப்படும் இடத்தில் நிற்கிறோம்" என்பது போலவும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து முதலில் வந்தது "ஓகே". காத்திருக்கச் சொன்ன அடுத்த வார்த்தைகள், அதே நேரத்தில் பான் அம் விமானமும் ரேடியோவில் பேசியதால், இரைச்சலில் அடிபட்டுப் போயின. அப்புறம், கேஎல்எம் விமானம் புறப்பட ஓடத் தொடங்கிய பிறகு, அதன் விமானப் பொறியாளர், பான் அம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். அது சரியான சந்தேகம். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்லிவிட, பேச்சு அங்கேயே முடிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பொறியாளர் இரண்டாவது முறை கேட்டிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் நாசா 1979-ல் இதற்கென ஒரு பயிலரங்கு நடத்தியது. கீழே இருப்பவர் சந்தேகத்தைச் சொல்லவும் மேலே இருப்பவர் அதைக் கேட்கவும் விமானக் குழுக்களுக்குப் பயிற்சி தொடங்கியது.

எங்கள் குழுத் தலைவரிடம் நான் பார்த்தது இந்தக் கேட்கிற குணம். புதிய வெர்ஷன் போவதற்கு முந்தைய நாள் கூட்டம் முடிகிற நேரம். டெஸ்டிங்கில் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பெண் தயங்கித் தயங்கி, "சார், பேக்கப்பை யாராவது திறந்து பாத்தோமா?" என்றாள். இரண்டு பேர், "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா எடுக்குதும்மா" என்றார்கள். தலைவர் லேப்டாப்பை மூடிவிட்டு, "நீ முழுசா சொல்லும்மா" என்றார். பேக்கப் எடுத்ததாக லாக்கில், அதாவது கணினிப் பதிவில், இருக்கிறது, திரும்ப ஏற்றிப் பார்த்ததாக எங்குமே இல்லை என்று அவள் விளக்கினாள். அன்று மாலை ஏற்றிப் பார்த்தோம். டேட்டா இருக்க வேண்டிய நான்கு டேபிள் காலியாக இருந்தது. வெர்ஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது.

அதற்கு அப்புறம் எங்கள் கூட்டங்களில் கருத்துக் கேட்கும் வரிசையை அவர் மாற்றிவிட்டார். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசுகிறார், தலைவர் கடைசியில் பேசுகிறார். பெரியவர் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையொட்டியே பேசுவார்கள் என்பதுதான் காரணம். தொடக்கத்தில் புதியவர்கள் "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று முடித்துக்கொண்டார்கள். தலைவர் அடுத்தவரிடம் போகாமல் கொஞ்ச நேரம் காத்திருப்பார். இப்போது அவர்கள் கேள்விகளை எழுதிக்கொண்டே கூட்டத்துக்கு வருகிறார்கள்.