கெர்கெய் துரோகியா?

வடகரையான்:
1849 ஆகஸ்ட் 13 அன்று அன்றைய ஹங்கேரியின் விலாகோஷ் அருகே, ஏறக்குறைய 30,000 வீரர்களோடு ஆஸ்திரியாவுக்கு உதவ வந்த ரஷ்யத் தளபதி ரூடிகரிடம் சரணடைந்தார் ஹங்கேரியத் தளபதி ஆர்த்தூர் கெர்கெய். ஆஸ்திரியாவுக்கு எதிரான விடுதலைப் போரே அத்தோடு சரிந்தது. அக்டோபர் 6 அன்று 13 புரட்சித் தளபதிகளை ஆஸ்திரியர்கள் அராடில் கொன்றார்கள். ஜார் மன்னர் தலையிட்டதால் கெர்கெய் உயிர் தப்பினார். இதைத் துரோகம் என்னாமல் வேறென்ன சொல்வது?

தேன்மொழி:
அதற்கு முந்தைய நாட்களையும் பாருங்கள் நண்பரே. 9ஆம் தேதி தெமெஷ்வாரில் ஆஸ்திரியத் தளபதி ஹைனாவிடம் தோற்று முக்கியப் படை சிதறிவிட்டது. 11ஆம் தேதி ஆட்சித் தலைவர் கோசுத் பதவி விலகி, அதிகாரம் முழுவதையும் கெர்கெய் தலையில் வைத்துவிட்டுத் துருக்கிப் பக்கம் போய்விட்டார். அப்புறம் துருக்கியர் ஆண்ட விதின் நகரில் இருந்துகொண்டு, கெர்கெய்தான் துரோகி என்று கடிதம் எழுதினார். இது எந்த ஊர் நியாயம்?

மருதன்:
கெர்கெய் என்ற ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நொடித்துப்போன பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. 1845இல் ராணுவத்தை விட்டு விலகி, பிராகில் வேதியியல் படித்து, தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை ஆராய்ந்தவர். அவர்தான் 1849 ஏப்ரலில் இஷாசெகில் வென்றார், கோமாரோம் கோட்டையைச் சூழ்ந்த ஆஸ்திரிய முற்றுகையை உடைத்தார், மே 21இல் புடா கோட்டையையும் பிடித்தார். எனக்கு அந்த வசந்தகாலப் போர்கள் இன்றும் பிரமிப்புதான்.

வடகரையான்:
அந்தப் புடாவில்தான் ஏறக்குறைய இரண்டரை வாரம் வீணானது. எதிரி மூச்சு வாங்கிக்கொண்டான், ஜாரின் படையும் வந்து சேர்ந்தது. ஜனவரியிலேயே வாட்ஸ் அறிக்கையில், ஹங்கேரிக்கும் மன்னரான ஆஸ்திரியப் பேரரசர் ஒப்பிய அரசமைப்புக்காகவே போரிடுகிறோம் என்று அறிவித்தவர் அவர். தனி நாடு கேட்ட கோசுத் எப்படி நம்புவார்?

தேன்மொழி:
புடா முற்றுகை தவறு என்று சொன்னால் ஏற்கிறேன். பெரிய பீரங்கிகள் கையில் இல்லாமலே போய் உட்கார்ந்தார். ஆனால் வாட்ஸ் அறிக்கை வேறு கதை. மன்னருக்குச் சத்தியம் செய்திருந்த அதிகாரிகள் படையை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அந்த அறிக்கைதான் பலரை நிறுத்தி வைத்தது. ஜூலை 2 அன்று கோமாரோமில் குதிரைப்படையோடு பாய்ந்து தலையில் படுகாயம் பட்டவர் அவர். விலைபோனவன் அப்படி முன்னால் போவானா?

வடகரையான்:
வீரத்தை நான் மறுக்கவில்லை. நிபந்தனையே இல்லாமல் சரணடைந்தாரே, அதைத்தான் கேட்கிறேன். தன்னை நம்பி வந்த அதிகாரிகளின் உயிருக்கு ஓர் எழுத்து உறுதியாவது வாங்கியிருக்க வேண்டாமா?

தேன்மொழி:
வாங்க என்ன மிச்சம் இருந்தது? ஆஸ்திரியரைவிட ரஷ்யர் இரக்கம் காட்டுவார்கள் என்று நம்பினார். நம்பிக்கை பொய்த்தது, பழி மட்டும் 1916இல் 98 வயதில் இறக்கும்வரை அவரோடு இருந்தது.