உறைபனியிலும் சாகாத ஜப்பான் கரப்பான்: அடையாளமும் ஒழிப்பும்

மரவட்டை: குளிர்நாட்டில், வீட்டை ஒட்டி அடுக்கிய விறகுக்கு அடியில் கருப்பாகப் பளபளக்கும் கரப்பான்கள். வெளியே உறைபனி. இது பெரிப்ளானெட்டா ஜப்பானிக்காவா (ஜப்பான் கரப்பானா)? ஜெல் மருந்தைத் தொடுவதே இல்லை. குளிரிலேயே செத்துவிடுமா?

ஆறுகால்: குளிரை நம்பிச் சும்மா இருக்காதீங்க. இந்த இனத்தின் குஞ்சுகள் மைனஸ் 5 முதல் மைனஸ் 8 டிகிரி வரை சில மணி நேரம் உறைந்தே கிடந்தாலும் பிழைக்கும். செல்லுக்கு வெளியே இருக்கும் நீர்தான் முதலில் பனிக்கட்டியாகிறது. செல்லுக்குள் பனி பிடித்தால்தான் சாவு. மண், மட்கிய இலை, விறகுக்கு அடியில் குளிர் அந்த அளவுக்கு இறங்குவதும் அரிது.

அடையாளத்துக்கு நிறம் போதாது, இறக்கையைப் பாருங்க. ஜப்பான் கரப்பானில் ஆணுக்கு இறக்கை வயிற்றைத் தாண்டும். பெண்ணுக்குப் பாதி வயிறு வரைதான். கீழ்த்திசைக் கரப்பான் (ஓரியன்டல்) என்ற வேறு இனத்தில் பெண்ணுக்கு வெறும் மொட்டு இறக்கை. அமெரிக்கக் கரப்பானில் இரண்டு பாலுக்கும் நீளம்.

தும்பி: ஒரு சிக்கல்: பனிக்காலத்தைத் தாண்டுபவை குஞ்சுகள்தான், இறக்கையே இருக்காது. பெரும்பாலும் முதல் குளிர்காலம் சிறு குஞ்சாக, இரண்டாவது வளர்ந்த குஞ்சாகக் கழியும். அதனால் கோடை வரை காத்திருங்க, இல்லையென்றால் 95% எத்தனாலில் போட்டு டிஎன்ஏ பரிசோதனைக்குக் கொடுங்க. ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். நியூயார்க் ஹைலைன் பூங்காவில் 2012இல் சிக்கிய ஜப்பான் கரப்பானை 2013இல் உறுதிசெய்தபோதும் உடலமைப்போடு டிஎன்ஏவையும் பார்த்தார்கள்.

ஆறுகால்: சரியான திருத்தம். ஜெல் பலிக்காததற்கும் அதுவே காரணம். பகல் குறுகியதும் குஞ்சுகள் வளர்ச்சியை நிறுத்தி ஒடுங்கிவிடும். குளிரில் இரை தேடாது. காய்ந்த ஜெல்லை வழித்தெடுத்துவிட்டு, இளவேனிலில் நடமாட்டம் தொடங்கியதும் பயறளவுப் பொட்டுகளாகச் சந்துகளில் புதிதாக வையுங்க. பக்கத்தில் ஸ்பிரே அடிக்கவே கூடாது, கரப்பான் ஜெல்லை ஒதுக்கிவிடும்.

இப்போதே செய்ய வேண்டியது: விறகைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்க. சுவரோரம் குவிந்த இலைமட்கை அள்ளுங்க. கதவடிக்குப் பிரஷ் பட்டை, குழாய் நுழையும் ஓட்டைக்கு சீலன்ட். ஒட்டுப்பொறிகளைச் சுவரை ஒட்டி வைத்தால் எந்தப் பக்கம் நுழைகிறது என்று தெரியும்.

தும்பி: தொட்டிச் செடிகளை உள்ளே எடுக்கும் முன் தொட்டியின் அடிப்பக்கத்தையும் பாருங்க. ஒளிந்திருக்கும் குஞ்சுகள் வீட்டுச் சூட்டில் ஒடுக்கம் கலைந்து வளரத் தொடங்கிவிடும்.