மருத்துவமனையில் பிடித்த தொற்று: முதலில் கண்ணில் பட்டது யாருக்கு?

வெண்சீருடை எழுதியது:

செவிலியர் பணியில் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அதில் கடைசி ஒன்பது ஆண்டுகளாகத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வரும்போது இல்லாத நோயை நோயாளிக்கு நாங்கள் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. என் வேலை அவ்வளவுதான். நோயாளி சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் தொற்றைப் பொதுவாக எங்கள் கணக்கில் எழுதிக்கொள்வோம். அந்தக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு நாட்களுக்குள் மூன்று பேரின் ரத்தக் கல்ச்சரில் (கிருமி இருக்கிறதா என்று ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒரே கிருமி வளர்ந்தது. ஒருவர் பாம்புக்கடியோடு வந்தவர். இன்னொருவர் சாலை விபத்தில் அடிபட்ட இளைஞர். மூன்றாமவர் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். மூவரும் வெவ்வேறு படுக்கை, வெவ்வேறு டாக்டர், வெவ்வேறு மருந்து. கிருமி மட்டும் ஒன்று: பர்க்ஹோல்டேரியா செபேசியா.

இந்தக் கிருமியை 1950-இல் வால்டர் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்க அறிவியலாளர் அழுகிய வெங்காயத்தில் கண்டறிந்தார். 'செபா' என்றால் லத்தீன் மொழியில் வெங்காயம். மண்ணிலும் ஈரத்திலும் வாழும் கிருமி இது. திடமான உடம்பை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் ஈரம் எங்கே மிச்சமிருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். சில கிருமிநாசினித் திரவங்களுக்குள்ளேயே உயிரோடு இருந்திருக்கிறது. கடைசி ஆயுதமாக நாங்கள் வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் இதனிடம் பலிக்காது. ஒரே பிரிவில் மூவருக்கு இது வந்தால், ஏதோ ஒரு திரவத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எந்தத் திரவம் என்பதுதான் கேள்வி.

சலைன் பாட்டில்கள், ஹெப்பாரின் குப்பிகள், வென்டிலேட்டரின் ஈரப்பதத் தண்ணீர், கை கழுவும் தொட்டியின் குழாய் வாய், தோல் துடைக்கும் கிருமிநாசினி என்று எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுத்தேன். ஏழு நாட்கள் ஒன்றும் வளரவில்லை. பஞ்சுக் குச்சியோடு நான் உள்ளே நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். யார் மீது பழி போடப் போகிறேன் என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மருத்துவமனைகளில் விசாரணை என்றால் மெமோ என்றே எல்லோரும் பழகியிருக்கிறோம். மெமோவுக்குப் பயந்தவர் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

எட்டாம் நாள் மதியம், நோயாளிகளின் குறிப்பேடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சிஸ்டர், அந்தப் பசை பாட்டிலை எடுத்துப் பார்த்தீர்களா? அதை யாரும் கழுவி நான் பார்த்ததே இல்லை."

அவர் சொன்னது ஸ்கேன் ஜெல். ஐந்து லிட்டர் கேனில் வரும். அதிலிருந்து சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி ஸ்கேன் கருவியின் பக்கத்தில் வைப்பார்கள். தீரத் தீர மேலே ஊற்றி நிரப்புவார்கள். பாட்டில் எப்போதும் காலியாவதே இல்லை. அதனால் கழுவும் வேளையும் வருவதில்லை. எடுத்துப் பார்த்தேன். கழுத்தின் உட்புறத்தில் மஞ்சளாக ஒரு வளையம் படிந்திருந்தது. மூக்கு நுனியில் காய்ந்த ஜெல்லோடு ஒரு நூலிழை ஒட்டியிருந்தது. எத்தனையோ முறை அதைக் கையில் எடுத்து டாக்டரிடம் நீட்டியிருக்கிறேன். அந்த வளையம் என் கண்ணில் பட்டதே இல்லை.

பாட்டிலில் அதே கிருமி வளர்ந்தது. திறந்திருந்த கேனிலும் வளர்ந்தது. திறக்காத கேனில் வளரவில்லை. மூவருக்கும் கழுத்து ரத்தக்குழாய்க்குள் சென்ட்ரல் லைன் என்ற நீளக் குழாயைப் போட்டிருந்தார்கள். போடுவதற்கு முன் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று தேடிப்பார்க்கத் தடவியது இந்த ஜெல்தான்.

அன்று முதல் ஊசி, குழாய் வேலைகளுக்குக் கிருமி நீக்கிய ஒற்றைப் பொட்டலம் மட்டுமே. மற்ற ஸ்கேனுக்கு வைக்கும் பாட்டிலில் திறந்த தேதி எழுத வேண்டும். நிரப்பக் கூடாது, தீர்ந்தால் குப்பைக்குப் போக வேண்டும். நான்காவது நோயாளி வரவில்லை. பாம்புக்கடிக்காரரும் இளைஞரும் வீடு திரும்பினார்கள். டயாலிசிஸ் நோயாளி பிழைக்கவில்லை. அவருடைய மனைவியிடம் ஜெல் விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் கூட்டத்தில் ஒரு முறை எழுந்து பேசினேன். இரண்டாம் முறை பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரோனோவோஸ்ட் குழு செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள். சென்ட்ரல் லைன் போடும்போது ஐந்தே காரியங்கள்: கை கழுவுவது, உடல் முழுவதும் மறைக்கும் விரிப்பும் அங்கியும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு தோலைத் துடைப்பது, முடிந்தவரை தொடையைத் தவிர்ப்பது, வேண்டாத குழாயை உடனே எடுத்துவிடுவது. ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள். 1000 குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று பதினெட்டு மாதங்களுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. பயிற்சி வகுப்புகளில் அந்த ஐந்தையும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அங்கே இன்னொன்றும் இருந்தது. ஒரு படி தவறினால், அவசரம் இல்லாத வேளையில், செவிலியர் டாக்டரை நிறுத்தச் சொல்லலாம். அதற்கு மேலிடத்தின் ஆதரவு இருந்தது. ஐந்து படிகளை நாம் கொண்டுவந்துவிட்டோம். அந்த ஆறாவதைக் கொண்டுவரவில்லை.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். முதலில் கவனித்தது யார், அவர் சொன்னதை யாராவது காதில் வாங்கினார்களா என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

ஆய்வகத்துக்காரன் எழுதியது:

நுண்ணுயிர் ஆய்வகத்தில் இரவுப் பணி பார்ப்பவன் நான். வார்டில் எங்கள் முகம் யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் நோயாளியின் முகம் தெரியாது. பாட்டிலில் ஒட்டிய எண்தான் தெரியும்.

பெரியவருக்கு ஒரு ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் எட்டு முதல் பத்து மில்லி வரை ரத்தம் வேண்டும். பாதி நாள் இரண்டு மில்லி வரும். அதுவும் ஆன்டிபயாட்டிக் மூன்று வேளை ஏறிய பிறகு வரும். ரத்தத்தில் இருக்கும் கிருமி மிகச் சொற்பம், அதையும் மருந்து பாதி கொன்றிருக்கும். பாட்டிலில் என்ன வளரும்? ஐந்து நாள் கழித்து 'வளர்ச்சி இல்லை' என்று அனுப்புவோம். அதைப் பார்த்து 'கிருமி இல்லை' என்று வார்டில் எழுதிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல எங்களை யாரும் ரவுண்ட்ஸுக்கு அழைப்பதில்லை.

ஒருநாள் இரவு இரண்டே முக்காலுக்கு, ஒரு பாட்டிலில் கிருமி வளர்ந்திருப்பதாகக் கருவி சத்தமிட்டது. ஒரு துளியை ஸ்லைடில் தேய்த்துச் சாயமேற்றிப் பார்த்தால் இளஞ்சிவப்பில் குச்சி குச்சியாக. கிராம் நெகட்டிவ் என்ற வகைக் கிருமி. தொலைபேசியில் கூப்பிட்டேன். டூட்டி சிஸ்டர் நோயாளியின் மருந்தைப் படித்துக் காட்டினார். அது பெரும்பாலும் மற்ற வகைக் கிருமிகளுக்கான மருந்து. "காலையில் ரவுண்ட்ஸில் சொல்கிறேன்" என்று வைத்திருந்தால் ஆறு மணி நேரம் போயிருக்கும். அவர் அந்த நேரத்திலேயே டாக்டரை எழுப்பினார். நோயாளி பிழைத்து நடந்து போனார். அந்தச் சிஸ்டரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

இன்னொரு காட்சி என்னை விட்டுப் போகாது. தட்டில் கிருமியைப் பூசி அதன் மேல் மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் தெளிவாக விழும். மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக் வில்லையின் விளிம்பு வரை கிளெப்சியெல்லா என்ற கிருமி புல்வெளி போல வளர்ந்திருந்ததை முதன்முதலில் பார்த்தபோது, மருந்து இல்லாத வெற்று வில்லையை வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அது 2010-ஐ ஒட்டிய காலம். அந்த ஆண்டுதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். சென்னையில் 44 மாதிரிகள், ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. அந்த நொதிக்கு ஏன் புதுதில்லியின் பெயர் என்ற சண்டையே பத்திரிகைகளில் நிறைந்தது. பெயரைப் பற்றிக் கோபப்பட நியாயம் உண்டு. ஆனால் தட்டில் வளர்ந்து நின்ற கிருமியைப் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனதை அருகிலிருந்து பார்த்தேன். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்த 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய சென்னைப் பிரகடனமும், விற்பனையைக் கண்காணிக்க வேண்டிய மருந்துகளைக் கொண்டு 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியலும் பிறகு வந்தன. பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனி நோட்டில் எழுத வேண்டும். உங்கள் தெரு மருந்துக்கடையில் அந்த நோட்டு இருக்கிறதா என்று நீங்களே ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

மூத்தமகள் எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை, பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீர்க் குழாய் போட்டார்கள். அறுவை முடிந்து ஆறு நாளாகியும் குழாய் இருந்தது. எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டியில் ஏற்றும்போதெல்லாம் சிறுநீர்ப் பையை அப்பாவின் வயிற்றின் மேலேயே வைப்பார்கள். பையிலிருந்தது குழாய் வழியே திரும்ப இறங்குவது என் கண்ணுக்கே தெரிந்தது.

"இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். டாக்டர் பார்ப்பார் என்றார்கள். டாக்டரிடம் கேட்டேன். அவர் செவிலியரைத் திரும்பிப் பார்த்தார், செவிலியர் குறிப்பேட்டைப் பார்த்தார். குழாய் இருப்பதே டாக்டருக்கு நினைவில் இல்லை. அன்று மாலை எடுத்தார்கள். அன்றிரவே அப்பாவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. சிறுநீரில் ஈ.கோலை என்ற கிருமி. மேலும் பத்து நாள் மருத்துவமனை வாசம். செலவை விடுங்கள், அந்தப் பத்து நாள் படுக்கையில் அப்பாவின் கால் பலமே போய்விட்டது.

அடுத்த ஆண்டு அம்மாவைச் சேர்த்தபோது, குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் மேல் பேனாவால் தேதியை நானே எழுதினேன். தினமும் காலையில் அதைக் காட்டி ஒரே கேள்வி கேட்டேன். முகம் சுளித்தார்கள். இரண்டாம் நாள் எடுத்தார்கள்.

திறந்தசன்னல் எழுதியது:

நானும் செவிலியர்தான். எனக்கு வந்தது காசநோய்.

மழைக்காலம். பொது வார்டில் சாரல் அடிக்கிறது என்று சன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். நிமோனியா என்று ஒன்பது நாள் படுத்திருந்த பெரியவருக்குப் பத்தாம் நாள்தான் சளிப் பரிசோதனை. அதற்குள் அவருடைய இருமலை நாங்கள் எல்லோரும் சுவாசித்திருந்தோம். அடுத்த கோடையில் என் உடம்பு இளைத்தது. மாலைக் காய்ச்சல். ஆறு மாத மருந்து. வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தவர் என் மாமியார். அதை அவர் பயத்தில் செய்தார் என்று இப்போது புரிகிறது.

சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956-இல் சிகிச்சை ஆய்வு மையமாகத் தொடங்கியது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடுமாகச் சிகிச்சை. மறு பகுதியினருக்கு நெருக்கடியான வீட்டிலேயே மருந்து. ஓராண்டு முடிவில் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவை என் மாமியாரிடம் என்னால் சொல்ல முடிந்தது: "அத்தை, மருந்து சாப்பிடும் என்னிடம் பயப்பட வேண்டாம். இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருப்பவரிடம்தான் பயம்." இரண்டு வாரம் கழித்துத் தட்டு அலமாரிக்குத் திரும்பியது.

இப்போது என் வார்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், சேரும் நாளிலேயே முகக்கவசமும் சன்னலோரப் படுக்கையும். சளி மாதிரி அன்றே போகும். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று சிபிநாட் என்ற பரிசோதனைக் கருவி சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். சாரல் அடித்தால் தரையைத் துடைத்துக்கொள்ளலாம்.

மூத்தமகள் எழுதியது:

வெண்சீருடை அவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தத் துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கு யாராவது நன்றி சொன்னார்களா?

வெண்சீருடை எழுதியது:

கேட்டதற்கு நன்றி. குடியரசு தினத்தன்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் 'சிறந்த தூய்மைப் பணி' என்று இருந்தது. ஜெல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால் மாதாந்திரத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கூட்டத்துக்கு அவரையும் அழைக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று மாதம் கேட்டு ஒப்புதல் வாங்கினேன். முதல் இரண்டு கூட்டங்களிலும் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். மூன்றாவது கூட்டத்தில் கண்காணிப்பாளரே நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகு உட்கார்ந்தார். இப்போது அவர் பேசாத கூட்டமே இல்லை. ஒரே வாளித் தண்ணீரில் நான்கு அறை துடைக்கச் சொல்வதை நிறுத்தியது அவர்தான்.

நேற்றும் போகிற போக்கில் ஒன்று சொன்னார். பிரசவ வார்டில் கை கழுவும் தொட்டி பளிச்சென்று இருக்கிறதாம், எப்போது பார்த்தாலும் காய்ந்தே கிடக்கிறதாம். தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது சிஸ்டர், யாரும் திறப்பதில்லை என்றார். நாளை காலை ஏழு மணி மாற்றுப் பணிக்கு முன்னால் அங்கே போய் நிற்கப் போகிறேன்.