ஏசாயா 53: ஜெப ஆலயத்தில் ஏன் வாசிப்பதில்லை?

பாளையங்கோட்டையான்:
சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். யூத ஜெப ஆலயங்களில் ஓய்வுநாளில் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்களில் ஒரு பகுதி, வாசித்து முடித்ததும் தீர்க்கதரிசிகளிலிருந்து ஒரு பகுதி வாசிப்பார்கள். அதற்கு ஹஃப்தாரா என்று பெயர். எருசலேம் தேவாலயம் இடிக்கப்பட்டதை நினைக்கும் திஷா பெ-ஆவ் நோன்புக்கும் யூதப் புத்தாண்டுக்கும் நடுவில் ஏழு வாரம் ஏசாயாதான். அதில் நான்காம் வாரம் 52:12இல் நிறுத்துகிறார்கள். அடுத்த வாரம் 54:1இல் தொடங்குகிறார்கள். நடுவில் விட்டது, பிறர் மீறுதலுக்காகப் பாடுபடும் கடவுளின் தாசனைப் பற்றிய பகுதி. இயேசுவை அவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் மட்டும் எப்படி விட்டுப்போகும்?

தனாக்_வாசகன்:
நல்ல கேள்வி பிரதர், ஆனால் பாதி வரிசையைத்தான் சொன்னீர்கள். மூன்றாம் வாரமே 54:11இலிருந்து 55:5 வரை வாசித்துவிடுவோம். 54இன் தொடக்கம் ஐந்தாம் வாரம்தான் வரும். வரிசையாக வாசித்துக்கொண்டு போய் ஓர் இடத்தில் தாண்டிக் குதிக்கவில்லை. அவை ஆறுதலின் வாரங்கள். பிள்ளைகளை இழந்த எருசலேமைத் தேற்றும் பகுதிகளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அடிபட்டுப் புதைக்கப்பட்டவனின் கதை அங்கே ஒட்டாது. தீர்க்கதரிசிகளில் பெரும்பகுதி ஹஃப்தாராவில் வரவே வராது. மறைக்க நினைத்தவர்கள், 1947இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளுக்கு எருசலேமில் தனிக் கட்டடமா எழுப்புவார்கள்? ஏழு மீட்டருக்கு மேல் நீளமான சுருள், 53ஆம் அதிகாரமும் அதில் இருக்கிறது.

பாளையங்கோட்டையான்:
அருங்காட்சியகத்தில் வைப்பது வேறு, சபையில் வாசிப்பது வேறு. சரி, எரேமியா 31க்கு என்ன சொல்வீர்கள்? புத்தாண்டின் இரண்டாம் நாள் அதை வாசிக்கிறீர்கள். புதிய உடன்படிக்கை வருவது 31ஆம் வசனத்தில். நீங்களோ 20இலேயே முடித்துவிடுகிறீர்கள். அப்புறம், தாசன் என்றால் இஸ்ரவேல் ஜனம் என்ற விளக்கமே 11ஆம் நூற்றாண்டில் ராஷி என்ற யூத உரையாசிரியர் கொண்டுவந்தது அல்லவா? ரபீக்களின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூதில், சன்ஹெத்ரின் பகுதியில், மேசியாவின் பெயர் என்ன என்று கேட்டு இதே 53:4ஐ எடுத்துக்காட்டுகிறார்கள்.

தனாக்_வாசகன்:
20ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். எப்பிராயீம் என் அருமையான குமாரன் அல்லவா, அவனை இன்னும் நினைக்கிறேனே என்று கடவுள் உருகும் இடம் அது. புத்தாண்டு எங்களுக்கு நினைவுகூருதலின் நாள். அன்றைய ஜெபத்திலேயே அந்த வசனம் வருகிறது. வேறு எங்கே நிறுத்துவது?

ராஷி விஷயத்துக்கு உங்கள் பழைய சபை அறிஞர் ஓரிகனே சாட்சி. 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கிய செல்சுஸுக்கு மறுப்பாக எழுதிய நூலில், சிதறடிக்கப்பட்ட முழு ஜனத்தையும் பற்றியது இந்தப் பகுதி என்று யூதர்கள் தன்னிடம் வாதிட்டதைக் குறித்து வைத்திருக்கிறார். ராஷிக்கு ஏறக்குறைய 800 வருடம் முன்பு! தல்மூதில் மேசியாவுக்குப் பொருத்தியவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. 1263இல் பார்சிலோனாவில் அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் கிறிஸ்தவர்களோடு நடந்த விவாதத்தில் ராம்பான் என்ற ரபீயும் மறுக்கவில்லை. மித்ராஷ் என்ற ரபீக்களின் விரிவுரை அப்படிப் பொருத்துகிறது, நேர்ப்பொருள் இஸ்ரவேல்தான் என்றார். அரசர் 300 தீனார் கொடுத்து அனுப்பியதாக அவரே எழுதுகிறார். ஆனாலும் சில வருடங்களில் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது.

ஞாயிறு_பூசை:
கத்தோலிக்கப் பெண் ஒருத்தியும் நடுவில் நுழைகிறேன். பொறுக்கி வாசிப்பதைப் பற்றிப் பேச நமக்கென்ன தகுதி? இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த திருப்புகழ்மாலை என்ற அன்றாட ஜெபநூலில் திருப்பாடல் 58, 83, 109 மூன்றும் கிடையாது. 137இன் கடைசி வரிகளும் கிடையாது. சாபமாக இருக்கிறதாம். நாம் வெட்டினால் மேய்ப்புப்பணி, அவர்கள் வெட்டினால் சதியா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புனித வெள்ளி வழிபாட்டில் முதல் வாசகமே எசாயா 52:13 முதல் 53:12 வரைதான். அதே வழிபாட்டில் யூதர்களை நம்பிக்கைத் துரோகிகள் என்று சொல்லும் மன்றாட்டு 1959 வரை இருந்தது. திருத்தந்தை 23ஆம் யோவான் அந்தச் சொல்லை எடுத்தார். இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லோர் மேலும் இன்றைய யூதர் மேலும் பழி போடக் கூடாது என்று 1965இல்தான் சங்கம் வெளிப்படையாகச் சொன்னது. புனித வாரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் பயந்து கிடந்த தலைமுறைகளுக்கு இந்த அதிகாரம் எப்படிக் கேட்டிருக்கும்?

பாளையங்கோட்டையான்:
அக்கா, அந்தப் பாவத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சபை செய்த அநியாயம் வசனத்தின் பொருளை மாற்றிவிடுமா? 49:3 இஸ்ரவேலைத் தாசன் என்கிறது, சரி. இரண்டு வசனம் தள்ளி, யாக்கோபைத் திருப்பிக் கொண்டுவருவதே தாசனின் வேலை என்கிறது. ஜனத்தை ஜனமே எப்படித் திருப்பும்? 53:8இல் என் ஜனத்தின் மீறுதலுக்காக அடிபட்டான் என்றும் இருக்கிறது. அப்படியானால் ஜனம் வேறு, அடிபட்டவர் வேறு. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து இதே அதிகாரத்தை வாசித்துவிட்டுக் கேட்டதும் இதைத்தான்: தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொல்கிறார்? இயேசுவை என்று பிலிப்பு பதில் சொன்னார், எனக்கு அது போதும்.

தனாக்_வாசகன்:
அந்த ரதத்தில் பிலிப்புவுக்குப் பதில் ஒரு ரபீ ஏறியிருந்தால் 44:1ஐக் காட்டியிருப்பார். என் தாசனாகிய யாக்கோபே என்று அங்கேயே இருக்கிறது. 53:8இல் பேசுவது யார் என்பதில்தான் நாம் பிரிகிறோம். 52:15இல் ராஜாக்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் அவர்கள்தான் வாய் திறக்கிறார்கள். ஆக, ‘என் ஜனம்’ அந்த ராஜாக்களின் ஜனம்.

பாளையங்கோட்டையான்:
அப்படியென்றால் நாமெல்லாரும் ஆடுகளைப்போல வழிதப்பிப் போனோம் என்ற பாவ அறிக்கையும் அந்நிய ராஜாக்களுடையதா? இஸ்ரவேலின் பாடுகளுக்குக் காரணம் தாங்கள் என்று அவர்கள் ஒத்துக்கொள்கிறார்களா?

தனாக்_வாசகன்:
ஆமாம், அவர்களுடையதுதான். எங்கள் வாசிப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. 49:5 பற்றிய கேள்விதான் கனமானது. அங்கே பேசுவது தீர்க்கதரிசி என்பார் சிலர், ஜனத்துக்குள் உண்மையாய் நின்ற சிறு கூட்டம் என்பார் சிலர். நான் இரண்டாவது பக்கம். விரிவாக எழுத இன்று நேரமில்லை, இங்கே ஓய்வுநாள் தொடங்கப்போகிறது. சனி இரவு வருகிறேன். அதற்குள் 53:10ஐப் பாருங்கள். தாசன் தன் சந்ததியைக் காண்பான், நீண்ட நாள் வாழ்வான் என்கிறதே, அதை இயேசுவுக்கு எப்படிப் பொருத்துகிறீர்கள்?