கெட்டில் போட்டால் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிறது, என்ன செய்வது?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டை மறுவிற்பனையில் வாங்கிக் குடிவந்திருக்கிறோம். விளக்கு, மின்விசிறி எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. கெட்டிலையோ இஸ்திரிப் பெட்டியையோ போட்டால் மட்டும் டிபி பாக்ஸில் (மெயின் சுவிட்சுப் பெட்டியில்) இருக்கும் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச், விழுந்து வீடே இருண்டுவிடுகிறது. புதுக் கெட்டில் வாங்கியும் அதே கதைதான். பார்க்க வந்த கான்ட்ராக்டர், "பழைய வயரிங் அப்படித்தான் இருக்கும், ஆர்சிசிபியை விட்டுவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன்" என்கிறார். வீட்டில் வயதான அம்மாவும் தவழும் குழந்தையும் இருக்கிறார்கள். சம்மதிக்க மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

பிடோக் அக்கா:
தயவுசெய்து சம்மதிக்காதீர்கள் தம்பி. 2023 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி கட்டாயம். அது இல்லாத பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. மீறினால் வீட்டுக்காரருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள், அந்தக் குழந்தைக்கு வேறு பாதுகாப்பு ஏது? எம்சிபி (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள சின்ன பிரேக்கர்) ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். ஆள்மேல் ஷாக் அடிப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

மின்பணி மாமா:
தம்பி, உங்கள் கெட்டிலில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. லைவ் வயரில் போகும் கரண்டும் நியூட்ரல் வயரில் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிடும். வேறு ஏதோ ஒரு சாமானில் நியூட்ரல் எர்த்தை (நிலத்துக்குப் போகும் பாதுகாப்பு வயரை) தொட்டுக்கொண்டிருந்தால், கெட்டிலின் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்குப் போய்விடும். விளக்கும் மின்விசிறியும் இழுப்பது கொஞ்சம், அதனால் தெரிவதில்லை. கெட்டில் 8, 9 ஆம்பியர் இழுக்கும்போது வித்தியாசம் பெரிதாகி ஆர்சிசிபி விழுகிறது.

இதில் பலரும் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். பல பிளக் பாயிண்டுகளில் சுவிட்ச் லைவை மட்டுமே துண்டிக்கும், எம்சிபியும் அப்படித்தான். அணைத்து வைத்த சாமானின் நியூட்ரல் உள்ளே தொட்டபடியே இருக்கும். அதனால் சுவிட்சை அணைத்தால் போதாது, எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். வாட்டர் ஹீட்டர், ஏர்கான் ஆகியவற்றின் தனிச் சுவிட்சுகளையும் அணையுங்கள். அப்புறம் கெட்டிலை மட்டும் போடுங்கள். ஆர்சிசிபி விழாமல் நின்றால், கெட்டில் கொதிக்கும்போதே மற்றப் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எல்லாம் பிடுங்கிய பிறகும் விழுந்தால் குறை சுவருக்குள் இருக்கலாம். டிபி பாக்ஸ் மூடியை மட்டும் திறக்க வேண்டாம்.

ஈசூன்வாசி:
மாமா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கெட்டில் கொதித்தது! வாஷிங் மெஷின் பிளக்கைச் சொருகியதும் டப்பென்று விழுந்தது. பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த மெஷின் அது. குழாய் இணைப்பு இன்னும் கொடுக்காததால் சுவிட்ச் அணைந்தே கிடந்தது. இப்போது பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறேன், இஸ்திரியும் ஓடுகிறது. இனி வயரிங்கைப் பார்க்க வேண்டாமா?

மின்பணி மாமா:
மெஷினைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள், அதுவரை சொருக வேண்டாம். வயரிங்கையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள், உரிமத்தைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. 500 வோல்ட்டில் இன்சுலேஷன் டெஸ்ட் (வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த சர்க்யூட்டைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் வீடு போன்ற பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். 2009இல் நிறங்கள் மாறின, இப்போது பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். இடையில் யாராவது புதிய பாயிண்ட் இழுத்திருந்தால் இரண்டும் கலந்திருக்கும். நிறத்தை நம்பி யாரும் கை வைக்கக் கூடாது, டெஸ்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிடோக் அக்கா:
ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள் தம்பி. உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

ஈசூன்வாசி:
இப்போதே அழுத்தினேன், விழுந்தது. அந்தக் கான்ட்ராக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை உரிமம் உள்ள ஒருவர் வருகிறார். மிக்க நன்றி மாமா, அக்கா.